ரெண்டு கிலோபைட்டுக்குள்ள ஒரு கோழிப்பண்ணை

தமிழ்ல எழுதுற நமக்கு பைட்டுக் கணக்கு புதுசு இல்ல. திஸ்கியில இருந்து யூனிகோடுக்கு மாறின காலத்துல பட்ட பாட்டை மூத்த பதிவர்கள் இன்னைக்கும் கதை கதையா சொல்லுவாங்க. இப்ப எல்லாரும் எழுதுற யூ.டி.எஃப்-8 முறையில தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொண்ணும் மூணு பைட்டு. "முட்டை"ன்னு எழுத ம, உகரக் குறி, ட, புள்ளி, ட, ஐகாரக் குறின்னு மொத்தம் ஆறு குறி வேணும். ஆக 18 பைட்டு.

நாலு மாசமா நான் மல்லுக்கட்டின சில்லுல இருக்கிற மொத்த ரேம் 2,048 பைட்டு. அதுல "முட்டை"ன்னு 113 தடவை எழுதலாம். 114-வது முட்டைக்கு இடம் கிடையாது.

ஏன் முட்டைன்னு கேக்கறீங்களா? சொல்றேன். கொஞ்சம் பெரிய பதிவு. காபி டீ எதாச்சும் கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.

நமக்கு பெங்களூருல ஆணி புடுங்குற உத்தியோகம். சி ஷார்ப்ல விண்டோஸுக்கு டெஸ்க்டாப் அப்ளிகேஷன் எழுதறது. பட்டன், கிரிட், ரிப்போர்ட், பிரிண்ட், மறுபடி பட்டன். ஆபீஸ்ல கொடுத்த லேப்டாப்புல 16 ஜிபி ரேம். மேல சொன்ன சில்லோட ஒப்பிட்டா 80 லட்சம் மடங்குக்கும் மேல. அப்பவும் விஷுவல் ஸ்டுடியோ திறக்கிறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்துடலாம்கிறது வேற விஷயம்.

சொந்த ஊர் நாமக்கல் பக்கம். 1997-ல சேலத்துல இருந்து நாமக்கல் தனி மாவட்டமா பிரிஞ்சுது. எனக்கும் ஏறக்குறைய அதே வயசுதான். எங்க தாத்தா மட்டும் கடைசி வரைக்கும் "சேலம் ஜில்லா"ன்னுதான் அட்ரஸ் எழுதினார். திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டி, பள்ளிபாளையம் குமாரபாளையத்துல தறி, ராசிபுரம் ஆத்தூர் சேலம் பக்கம் மரவள்ளிக்கிழங்கும் ஜவ்வரிசி ஆலையும், நாமக்கல்லுல லாரியும் கோழியும். இது எல்லாத்துக்குள்ளயும் இன்னைக்கு எங்கேயாவது ஒரு மைக்ரோகண்ட்ரோலர் உக்காந்திருக்கு. கிணத்து மோட்டாரை செல்போன்ல இருந்து போடுற ஸ்டார்ட்டர், பால் சொசைட்டியில கொழுப்பு பாக்கிற மிஷின், பஸ்ஸுல கண்டக்டர் கையில இருக்கிற டிக்கெட் மிஷின், எல்லாமே அந்த ஜாதிதான். நம்மள சுத்தி இருக்கிற கம்ப்யூட்டர்ல பெரும்பகுதிக்கு கீபோர்டும் கிடையாது, ஸ்கிரீனும் கிடையாது. கம்ப்யூட்டர் படிச்சவன்னு பேர் வாங்கிட்டு அதுல ஒண்ணுக்குக்கூட நான் நிரல் எழுதினது இல்லைங்கிறது ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

காலேஜ்ல படிச்சோமான்னா, படிச்சோம். 8086, 8051 ரெண்டும் பாடத்துல இருந்துச்சு. 8051 இன்டெல் 1980-ல கொண்டாந்த சில்லு, அதுக்குள்ள 128 பைட்டு ரேம். லேப்ல ஒரு கிட்டு முன்னாடி நாலு பேரு நின்னுக்கிட்டு ஆப்கோடை ஒவ்வொண்ணா அடிச்சு, ரெண்டு எண்ணைக் கூட்டி, விடை வந்ததும் மார்க் வாங்கிட்டு வெளிய வந்துட்டோம். அந்தக் கூட்டல் எதுக்கு, அதை வச்சு உலகத்துல என்ன நடக்குதுன்னு யாரும் கேக்கல, யாரும் சொல்லவும் இல்ல.

எங்க மாமா, அம்மாவோட தம்பி, ஒரு கோழிப்பண்ணை வச்சிருக்கார். ஒரே ஷெட்டு, 5,000 முட்டைக்கோழி. லட்சக்கணக்குல கோழி வச்சிருக்கிற நாமக்கல்லுல இதெல்லாம் கணக்குலயே வராத சைசு. ஆனா அவருக்கு அதுதான் எல்லாம், ஷெட்டு கட்டின கடன் உட்பட. முட்டை விலையை அவர் வைக்க முடியாது. 1982-ல ஆரம்பிச்ச தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நம்ம ஊர்ல என்.இ.சி.சி.ன்னு சொன்னாத்தான் தெரியும், அவங்க நாமக்கல் மண்டலத்துக்குன்னு அறிவிக்கிற விலைதான். தீவன விலையும் அவர் கையில இல்ல. அவர் கையில இருக்கிறது கோழி எத்தனை முட்டை போடுதுங்கிறது மட்டும்தான். 5,000 கோழியில ஒரு சதவீதம் குறைஞ்சா நாளுக்கு 50 முட்டை போச்சு.

அந்த முட்டை எண்ணிக்கையைத் தீர்மானிக்கிற விஷயத்துல வெளிச்சமும் ஒண்ணு. இது எனக்கு மாமா சொல்லித்தான் தெரியும். முட்டையிடுற கோழிக்கு நாளுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேணும். நாமக்கல் இருக்கிறது சுமார் 11 டிகிரி வடக்கே. டிசம்பர்ல பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஜூன்ல போனா பன்னிரண்டே முக்கால். மீதியை பல்பு போட்டுத்தான் ஈடுகட்டணும். அப்புறம் தேடிப் படிச்சப்போ இன்னொரு ஆச்சரியம். கோழி வெளிச்சத்தை கண்ணால மட்டும் உணர்றது இல்ல. மண்டையோட்டைத் தாண்டி உள்ள போற வெளிச்சத்தை மூளைக்குள்ள இருக்கிற உணர்விகளே நேரா வாங்கிக்குது. அதை வச்சுத்தான் "நாள் நீளமா இருக்கு, முட்டை போடலாம்"னு உடம்பு முடிவு பண்ணுது.

இதுல ரெண்டு கண்டிப்பு உண்டு. வளர்ற குஞ்சுக்கு வெளிச்ச நேரத்தைக் கூட்டக் கூடாது, முட்டையிட ஆரம்பிச்ச கோழிக்குக் குறைக்கக் கூடாது. ரெண்டுக்கும் நடுவுல, 18 வாரம் வாக்குல, வாரத்துக்கு அரை மணின்னு படிப்படியா ஏத்திக் கொண்டுபோய் 16-ல நிறுத்தணும். மாமா இதை எல்லாம் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. 1985-ல வந்த கல்லூரி. சுத்துவட்டாரத்துப் பண்ணைக்காரங்களுக்கு எல்லாம் அதுதான் பெரிய டாக்டர் வீடு.

மாமா வச்சிருந்தது சுத்துற முள்ளு வச்ச பழைய டைமர். கரண்ட் போனா அதுவும் நின்னுடும். ரெண்டு மணி நேரம் கழிச்சு கரண்ட் வந்தா விட்ட இடத்துல இருந்து ஓட ஆரம்பிக்கும், அதாவது ரெண்டு மணி நேரம் லேட்டா. பண்ணையிலயே தங்கி வேலை பாக்கிற ஆள் கவனிச்சுத் திருப்பி வச்சாத்தான் உண்டு. கடையில டிஜிட்டல் டைமர் கிடைக்குமேன்னு நீங்க கேக்கலாம். கிடைக்கும். ஆனா வாராவாரம் அரை மணி தானா ஏத்தறது, கோழி வயசைப் பாத்து நேரத்தை முடிவு பண்றது, இதெல்லாம் சாதாரண டைமர்ல வராது. எனக்கும் கத்துக்க ஒரு சாக்கு வேணும். புதுக் குஞ்சு விட்டிருந்தாங்க. அது 18 வாரம் ஆகுறதுக்குள்ள, அதாவது ஏறக்குறைய நாலு மாசத்துக்குள்ள, நான் செஞ்சு குடுத்துடறேன்னு மாமாகிட்ட சொன்னேன்.

அவர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"ஏன் மாப்ள, நீ பாட்டுக்கு பெங்களூரு போயிருவ. ராத்திரி ரெண்டு மணிக்கு இது நின்னுபோச்சுன்னா யாரு பாக்கறது?"

"தானா சரியாகிக்கிற மாதிரி எழுதிரலாமுங்க மாமா."

"தானா எதுடா சரியாயிருக்குது இந்த ஊர்ல?"

சேலத்துல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடையில ஆர்டுயினோ யூனோ போர்டு, ரிலே, இன்னும் சில சில்லறைச் சாமான் வாங்கினேன். ஆர்டுயினோ 2005-ல இத்தாலியில இவ்ரியாங்கிற ஊர்ல, எலக்ட்ரானிக்ஸ் தெரியாத டிசைன் மாணவர்களுக்காக ஆரம்பிச்சது. யூனோ 2010-ல வந்துச்சு. அதுல இருக்கிற சில்லு ஏடிமெகா328பி. நிரலுக்கு 32 கிலோபைட், ரேம் 2 கிலோபைட், கரண்ட் போனாலும் மறக்காத ஈஈப்ராம் 1 கிலோபைட். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ்.

முதல் நாளே எல்.இ.டி. மினுக்குச்சு. ரெண்டாம் நாள் ரிலே "டிக்"குன்னுச்சு. நிரல்னு பாத்தா பத்து வரி கூட இல்ல. மணி நாலு ஆச்சா, விளக்கைப் போடு. ஏழு ஆச்சா, அணை. சாயங்காலம் அஞ்சரைக்குப் போடு, எட்டுக்கு அணை. அவ்வளவுதானே? அப்புறம் எதுக்கு நாலு மாசம்?

மாமா கேட்ட அந்தக் கேள்விக்கு பதில் எழுதறதுக்குத்தான் நாலு மாசம்.

டெஸ்க்டாப் நிரல் எதுவுமே தனியா ஓடுறது இல்ல. கீழே ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் தாங்கிப் பிடிச்சிருக்கு, எதிர்ல ஒரு மனுஷன் உக்காந்திருக்கான். ஏதாச்சும் ஆனா ஒரு மெசேஜ் பாக்ஸ் போட்டு "ஓகே" அமுக்கச் சொல்லலாம். தொங்கிப்போச்சுன்னா அவனே மூடிட்டு மறுபடி திறப்பான். சாயங்காலம் ஆனா மெஷினையே அணைச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவான், நம்ம நிரல்ல சேர்ந்த குப்பை எல்லாம் அதோட போயிடும். அந்த மனுஷன் நம்ம நிரலோட ஒரு பாகம்ங்கிறதை அவன் இல்லாத இடத்துக்கு வந்தப்போதான் புரிஞ்சுக்கிட்டேன்.

மைக்ரோகண்ட்ரோலர்ல கீழேயும் யாரும் இல்ல, எதிர்லயும் யாரும் இல்ல. நிரல் முடிஞ்சா திரும்பிப் போறதுக்கு ஒரு இடமே கிடையாது. அதனாலதான் எல்லா நிரலும் முடிவில்லாத ஒரு லூப்பா இருக்கு.

முதல்ல நினைவகம். சி ஷார்ப்ல வேணுங்கறப்ப வேணுங்கறதை உருவாக்குவோம், பின்னாடி ஒருத்தர் வந்து குப்பை அள்ளிட்டுப் போவார். இங்க குப்பை வண்டி கிடையாது. சரங்களை ஒட்டி வெட்டி விளையாடினா ரெண்டு கிலோபைட் அங்கங்க ஓட்டையா சிதறிப்போய், ஒரு நாள் இடம் இருந்தும் சேர்ந்தாப்ல இடம் இல்லாம நிக்கும். இன்னைக்கு இல்ல, மூணு வாரம் கழிச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு. அதனால எல்லாத்துக்கும் முதல்லயே இடம் ஒதுக்கிடறது. கூண்டுக்கு இத்தனை கோழின்னு எண்ணி விடுறோம் இல்லையா, அதே மாதிரி.

எண்களும் அப்படித்தான். நமக்கு இன்ட்டுன்னா 32 பிட், 214 கோடி வரைக்கும் கவலையில்ல. இந்தச் சில்லுல இன்ட்டு 16 பிட், 32,767-ஓட சரி. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஒரு நாளையே விநாடிக் கணக்குல உள்ள வைக்க முடியாது! நான் எல்லாத்தையும் நிமிஷக் கணக்காக்கிட்டேன். நாளுக்கு 1,440. கோழிக்கு விநாடி சுத்தம் தேவையும் இல்ல.

அடுத்தது நேரம். "இப்ப மணி என்ன?"ன்னு கேட்டா விண்டோஸ் சொல்லும். சில்லுக்குத் தெரியாது. தான் எழுந்திருச்சு எத்தனை மில்லிவிநாடி ஆச்சுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். அதுவும் உத்தேசமா. யூனோவுல துடிப்பு குடுக்கிற ரெசனேட்டர்ல அரை சதவீதம் வரைக்கும் முன்னப்பின்ன இருக்கலாம். அரை சதவீதம்னா சும்மா இல்ல, நாளுக்கு ஏழு நிமிஷம். பத்து நாள்ல ஒரு மணி நேரத்துக்கு மேல தள்ளிப்போயிடும். அதனால டிஎஸ்3231-ன்னு தனியா ஒரு கடிகாரச் சில்லு வாங்கிப் போட்டேன். வெப்பத்துக்குத் தகுந்த மாதிரி தன்னைத்தானே திருத்திக்கும், வருஷத்துக்கே ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் பிசகும், பக்கத்துல ஒரு பட்டன் செல் இருக்கிறதால கரண்ட் போனாலும் ஓடும். சித்திரை வெயில்ல தகிக்கிற ஷெட்டுக்கு அது மாதிரி ஒண்ணுதான் சரி.

ரிலேவை எத்தனை நேரம் பிடிக்கணும், பட்டன் அமுக்கி எவ்வளவு நேரம் ஆச்சு மாதிரி சின்னக் கணக்குக்கு மில்லிவிநாடி எண்ணிக்கையை வச்சுக்கலாம். அது 32 பிட் எண். 49 நாள் 17 மணி நேரத்துல நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துடும். இந்த 49 நாள் கதை டெஸ்க்டாப்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். விண்டோஸ் 95, 98 ரெண்டுலயும் இதே கணக்கு இருந்துச்சு. 49.7 நாள் தொடர்ந்து ஓடினா தொங்கிடும். 95 வெளிவந்து நாலு வருஷம் கழிச்சு, 1999-லதான் அது வெளியவே தெரிஞ்சுது. ஏன்னா அதை அத்தனை நாள் அணைக்காம ஓட்டினவங்க அபூர்வம்! 2015-ல போயிங் 787 விமானத்துக்கும் இதே வம்சத்துப் பிரச்சினை. 248 நாள் தொடர்ந்து மின்சாரத்துல இருந்தா ஒரு எண்ணி நிரம்பி ஜெனரேட்டர்களை நிறுத்திடலாம்னு கண்டுபிடிச்சு, அமெரிக்க விமானத்துறை அப்பப்ப மின்சாரத்தை அணைச்சுப் போடச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. விமானத்தையே ரீஸ்டார்ட் பண்றது.

எங்க கோழி 20 வாரத்துல ஆரம்பிச்சு 72 வாரமும் தாண்டி முட்டை போடும். ஒரு வருஷம். அதுக்குள்ள இந்த எண் ஏழு தடவை சுத்தி வந்துடும். தீர்வு சின்னதுதான். "இந்த நேரம் வந்துடுச்சா?"ன்னு கேக்காம, "அப்ப இருந்து இப்ப வரைக்கும் எவ்வளவு ஆச்சு?"ன்னு கழிச்சுப் பாக்கணும். குறியில்லா எண்ல கழிச்சா, நடுவுல சுத்தி வந்திருந்தாலும் விடை சரியா வரும். சோதிக்க 49 நாள் காத்திருக்க முடியாதுங்கிறதால, எண்ணியை நிரம்புறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி இருந்து ஆரம்பிக்க வச்சு, வேணும்னே சுத்த விட்டுப் பாத்தேன்.

இதெல்லாம் படிச்சே தெரிஞ்சுக்கலாம். படிச்சுத் தெரிஞ்சுக்க முடியாதது கரண்ட்.

நம்ம நிரல் உலகத்துல ஒண்ணு எப்பவும் ஒண்ணு, பூஜ்யம் எப்பவும் பூஜ்யம். இங்க ஒண்ணுங்கிறது அஞ்சு வோல்ட்டு. பக்கத்துல போர் மோட்டார் எடுக்கிறப்போ பல்பு எல்லாம் ஒரு நொடி மங்கும் பாருங்க, அப்ப அந்த அஞ்சும் அஞ்சா இருக்காது. பண்ணையில வச்சுப் பாத்த முதல் வாரம் மோட்டார் போட்டா போர்டு ரீசெட் ஆச்சு. நிரல்ல தேடினா அது கிடைக்குமா? நம்ம ஊர் எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, "தம்பி, போர்டுக்குத் தனி சப்ளை குடு, காண்டாக்டர் காயிலுக்கு ஒரு ஸ்னப்பர் போடு"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டார். அதோட ரீசெட் ரொம்பக் குறைஞ்சுது. சில்லோட ஒரு பின்னுல 40 மில்லியாம்பியர்தான் உச்சவரம்பு. சின்ன ரிலே காயிலே 70 கேக்கும், அதனால நடுவுல ஒரு டிரான்சிஸ்டர். ரிலே காண்டாக்டரை இழுக்கும், காண்டாக்டர் பல்பு வரிசையை இழுக்கும். ஒரு பட்டனைத் தட்டினா நேரா விளக்கு எரியற உலகம் இல்ல இது. ஒருத்தன் தோள்ல ஒருத்தன் ஏறி நிக்கிற கதை.

அதே மாதிரி பட்டன். மாமா ஒரு தடவை அமுக்கினா, உள்ள இருக்கிற தகடு சில மில்லிவிநாடி துள்ளும். சில்லு வேகமா பாக்கிறதால அதை அஞ்சாறு தடவைன்னு எண்ணும். கொஞ்சம் பொறுத்து மறுபடி பாத்து, நிலைச்சிருந்தாத்தான் ஒண்ணுன்னு ஏத்துக்கணும்.

ரீசெட் குறைஞ்சாலும் இல்லாமயே போகாது, கரண்ட் எப்படியும் போகும் வரும். அங்கதான் என்னோட யோசனை முறையே மாறிச்சு. டெஸ்க்டாப்ல நாம நிகழ்ச்சிகளா யோசிப்போம். பட்டன் அமுக்கினா இதைச் செய், டைமர் அடிச்சா அதைச் செய். "மணி நாலு ஆனா விளக்கைப் போடு"ங்கிறதும் ஒரு நிகழ்ச்சிதான். சரி, 3:55-க்கு கரண்ட் போய் 4:10-க்கு வந்தா? நாலு மணிங்கிற நிகழ்ச்சி நடந்தப்போ நிரல் உயிரோடவே இல்ல. விளக்கும் எரியாது.

அதனால நிகழ்ச்சியையே தூக்கிட்டேன். ஒவ்வொரு சுத்துலயும் நிரல் புதுசாப் பிறந்த மாதிரி ரெண்டு கேள்வி மட்டும் கேக்கும். இன்னைக்கு தேதிக்கு கோழிக்கு வயசு என்ன, எத்தனை மணி நேரம் வெளிச்சம் வேணும்? இப்ப மணி என்ன, அந்தக் கணக்குப்படி விளக்கு எரியணுமா கூடாதா? பதில் எதுவோ அப்படி ரிலேவை வை. முன்னாடி என்ன நடந்துச்சுன்னு எதையும் ஞாபகம் வச்சுக்கத் தேவையில்ல. நிமிஷத்துக்கு நூறு தடவை ரீசெட் ஆனாலும் எழுந்திருச்ச உடனே சரியான இடத்துல நிக்கும். ஈஈப்ராம்ல எழுதறது குஞ்சு விட்ட தேதி ஒண்ணு மட்டும்தான், அதுவும் பேட்சுக்கு ஒரு தடவை. அந்த நினைவகத்துல ஒரு இடத்துல ஒரு லட்சம் தடவைதான் எழுதலாம். "சேவ் பண்ணி வச்சுக்குவோம்"னு விநாடிக்கு ஒரு தடவை எழுதினா 28 மணி நேரத்துல அந்தக் கணக்கு தீர்ந்துபோகும்.

அப்பவும் நிரல் எங்கேயாவது மாட்டிக்கிட்டா? அதுக்கு சில்லுக்குள்ளயே வாட்ச்டாக்னு ஒண்ணு இருக்கு. காவல் நாய்தான், ஆனா நம்ம பண்ணை நாய் மாதிரி இல்ல. எட்டு விநாடிக்குள்ள ஒரு தடவை சோறு வைக்கலைன்னா வீட்டுக்காரனையே கடிச்சு எழுப்பிடும், அதாவது ரீசெட் பண்ணிடும். இதுல சூட்சுமம், சோறு வைக்கிற வரியை எங்க வைக்கிறதுங்கிறதுதான். கடிகாரத்தைப் படிச்சு, அது சொன்ன நேரம் நம்புற மாதிரி இருந்து, ரிலேவையும் வச்சு முடிச்ச பிறகுதான் வைக்கணும்.

கடைசியா ஒரு கேள்வி பாக்கி இருந்துச்சு. இவ்வளவுக்கும் மேல போர்டே செத்துப்போச்சுன்னா? ரிலேவுல ரெண்டு முனை இருக்கு. ஒண்ணுல இணைச்சா, போர்டு செத்தா விளக்கு அணைஞ்சே கிடக்கும். இன்னொண்ணுல இணைச்சா எரிஞ்சே கிடக்கும். எது பாதுகாப்பு? எனக்கு அணைஞ்சு கிடக்கிறதுதான் சரின்னு தோணுச்சு, பழுதானா நிறுத்துங்கிறதுதானே நம்ம வழக்கம். முடிவு பண்றதுக்கு முன்னாடி மாமாகிட்ட கேட்டேன்.

"எரியட்டும் மாப்ள," அப்படின்னார் யோசிக்காம. "விடியக்காலம் நாலு மணிக்கு விளக்கு எரியலைன்னா யாருக்குத் தெரியும்? எல்லாரும் தூங்கிட்டு இருப்போம். கோழி வந்து சொல்லுமா? பத்து நாள் கழிச்சு முட்டை குறையறப்பதான் தெரியும். ராத்திரி பத்து மணிக்கு ஷெட்டு பளபளன்னு எரிஞ்சுதுன்னா வீட்டு வாசல்ல இருந்தே கண்ணுல படும். எந்திருச்சுப் போய் அணைச்சுருவேன்."

நான் நாலு மாசமா ஆள் இல்லாம ஓடறதுக்கு நிரல் எழுதிட்டு இருந்தேன். அவர் ஒரே வார்த்தையில அந்த ஆளை மறுபடி உள்ள கொண்டாந்துட்டார். பழுதைத் தடுக்க முடியலைன்னா, அது ஒரு மனுஷன் கண்ணுல படுற மாதிரி பழுதாகட்டும். இது எந்த டேட்டாஷீட்லயும் இல்லாதது. கோழியையும் கரண்டையும் தூக்கத்தையும் முப்பது வருஷமா பாத்தவருக்கு மட்டும் தெரியறது. அப்படியே இணைச்சேன். பக்கத்துல கையால போடுற ஒரு சாதா சுவிட்சும் இருக்கு, அது போர்டைக் கேக்காம நேரா வேலை செய்யும்.

குஞ்சு 18 வாரம் தொடுறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி பெட்டியை மாட்டினோம். வாரம் அரை மணி ஏறி ஏறி இப்ப 16-ல நிக்குது. நடுவுல எத்தனை தடவை கரண்ட் போச்சுன்னு நான் எண்ணல. எண்ணிக்கைக்கு ஒரு எல்.இ.டி. வைக்கலாமான்னு கேட்டேன், மாமா வேண்டாம்னுட்டார். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்தா சனிக்கிழமை காலையில முதல் வேலையா ஷெட்டுப் பக்கம் போய் வர்றது மட்டும் எனக்குப் பழக்கமாயிடுச்சு. அவர் இதுவரைக்கும் "நல்லா இருக்குது"ன்னு சொன்னது இல்ல. ஆனா போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூட்டிட்டு வந்து பெட்டியைக் காட்டி, "நம்ம மாப்ள செஞ்சது, ஆனா தொட்றாதீங்க"ன்னாராம். அத்தை சொன்னாங்க.

டெஸ்க்டாப்ல இருந்து இந்தப் பக்கம் எட்டிப்பாக்க நினைக்கிறவங்களுக்கு நான் சொல்ல முடிஞ்சது கொஞ்சம்தான். ஒரு யூனோ இல்லைன்னா ஈஎஸ்பி32 வாங்குங்க, சில நூறு ரூபாயில ஆரம்பிக்கலாம். சி மொழி தெரிஞ்சா போதும், பாயிண்டரைக் கண்டு பயப்படாதீங்க. ஒரு மல்டிமீட்டர் வாங்கிடுங்க, பாதி பிழை நிரல்ல இருக்காது. 230 வோல்ட்டு பக்கம் மட்டும் நீங்களா கை வைக்காதீங்க, தெரிஞ்ச எலக்ட்ரீசியனை வச்சுச் செய்யுங்க. முக்கியமா, எல்.இ.டி. மினுக்குறதோட நிறுத்திடாம, உங்க வீட்டுலயோ ஊர்லயோ நிஜமா யாருக்காவது தேவைப்படுற ஒரு வேலையை எடுத்துக்கோங்க. அவங்க கேக்கிற கேள்விதான் பாடத்திட்டம்.

ஆபீஸ்ல இப்ப புதுசா ஒரு மெசேஜ் பாக்ஸ் எழுதப் போறப்பல்லாம் கை கொஞ்சம் நிக்குது. இந்த "ஓகே"வை அமுக்க அங்க ஒருத்தர் இருப்பாரான்னு. டீம் லீடு என்னை ஒரு மாதிரி பாக்கறார்.

சர்க்யூட் படமும் நிரலும் அடுத்த பதிவுல போடறேன். உங்க ஊர்ல தறிக்கோ, ஆலைக்கோ, தோட்டத்துக்கோ யாராச்சும் இது மாதிரி செஞ்சிருந்தா எழுதுங்க, படிக்க ஆசையா இருக்கு. குறிப்பா ஜவ்வரிசி காயப்போடுற களத்துல மழை வந்தா முன்னாடியே சொல்ற மாதிரி ஏதாச்சும் இருக்கான்னு ராசிபுரத்து சித்தப்பா கேட்டுக்கிட்டே இருக்கார்.